பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய்

அமெரிக்க ஸ்டான்லி நிறுவனத்தின் இழைப்புளியைப் பற்றிக் கவலைப்படுவதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. அது எந்தக் கொட்டகையில் துருவேறிக் கிடந்தாலும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மேலே ஆங்கில எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது. கைப்பேசியில் அதைத் தட்டினால் விலை வந்து நிற்கிறது. அப்புறம் அதை யாரும் உருக்க அனுப்ப மாட்டார்கள். என் கவலையெல்லாம் எழுத்து எதுவும் இல்லாத கருவிகளைப் பற்றித்தான். ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த உளி, ஆசாரி தன் கைக்குத் தகுந்தபடி தானே செதுக்கிக்கொண்ட மர இழைப்புளி, தேய்ந்துபோன அரத்தைக் காய்ச்சி அடித்த செதுக்குக் கத்தி. இவை என்ன விலை போகும் என்று ஏலத்தில் கேட்டால், எத்தனை கிலோ இருக்கும் என்று திருப்பிக் கேட்பார்கள். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் இருக்கிற கருவிக்கு எத்தனை வசதி பாருங்கள். ஸ்டான்லி ஐந்தாம் எண் இழைப்புளி 14 அங்குல நீளம், அலகு 2 அங்குல அகலம். அலகு சாய்ந்து உட்காரும் பகுதிக்குப் பின்னால், அடித்தகட்டில் காப்புரிமைத் தேதிகள் இருக்கும். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்றும் இருந்து, முன்பக்கக் குமிழும் குட்டையாக இருந்தால், அது 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது என்று சேகரிப்பாளர்கள் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அலகில் இதய வடிவமும் அதற்குள் எஸ்.டபிள்யூ என்ற இரண்டு எழுத்தும் இருந்தால் அது 1920களை ஒட்டியது. அமெரிக்க டிஸ்டன் நிறுவனத்தின் ரம்பத்துக்குக் கைப்பிடியில் உள்ள பித்தளை வில்லை போதும், அதன் எழுத்தமைப்பை வைத்தே காலம் சொல்லலாம். 1931இல் இழைப்புளி செய்யத் தொடங்கிய இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்ட் நிறுவனம் தன் எண்களுக்கு முன்னால் ஒரு சுழியம் போட்டது. இவையெல்லாம் அச்சிலும் இணையத்திலும் வரிவரியாகக் கிடைக்கின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கே இன்று இதில் பாதி தெரியும். ஒரு கருவியை எடுத்ததும் கட்டைவிரலால் துருவைத் தேய்த்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தால் அது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போகிறது. தெரியாவிட்டால் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் குவியலுக்குப் போகிறது.

சட்டத்துக்கும் எழுத்து இருந்தால்தான் எளிது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைக்கருவூலங்கள் சட்டம், முந்தைய காலத்தின் அறிவியலையும் கைத்தொழிலையும் காட்டுகிற பொருள் நூறு வருடத்துக்குக் குறையாமல் இருந்திருந்தால் அது தொல்பொருள் என்கிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். சரி, மூன்று தேதி போட்ட அந்த ஸ்டான்லி நூறு வருடத்தைத் தாண்டியதை அரை நிமிடத்தில் நிறுவிவிடலாம். அதனோடு ஒரே பெட்டியில் அதற்கடியில் கிடக்கும் கருவேல மர இழைப்புளி அதைவிட முப்பது வருடம் மூத்ததாக இருந்தாலும் எப்படி நிறுவுவது? அதன் வயதைச் சொல்லக்கூடியது அது கிடந்த பெட்டியும், அந்தப் பெட்டியில் கூடக் கிடந்த மற்ற சாமான்களும், அதைக் கையாண்டவரை அறிந்த யாராவது ஒருவரும்தான். ஏலம் முதலில் கலைத்துப் போடுவது இதைத்தான்.

கொட்டகையில் இருந்த பெட்டி

எம்.டி. கோபர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820களில் காபி ஏறிய மலை ஏற்காடு. காபி வந்தால் தச்சு வேலையும் கூடவே வரும். பழம் உரிக்கும் பல்ப்பருக்குச் சட்டம், கொட்டை காய வைக்கத் தட்டு, பங்களாவுக்குக் கதவு ஜன்னல், கூலி லைன்களுக்குக் கூரை, கவாத்துக் கத்திகளுக்குப் பிடி. பெரிய எஸ்டேட்டுகள் இதற்கென்று ஓர் ஆசாரியை நிரந்தரமாக வைத்துக்கொண்டன. நான் சொல்லும் எஸ்டேட் நாகலூர்ப் பக்கம் இருக்கிறது. கைமாறிவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் பங்களாவை விடுதியாக்கப் போவதால் உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஏலத்தில் கழிக்க முடிவெடுத்திருந்தார்கள். பிரம்பு நாற்காலிகள், பீங்கான், நிலைக்கண்ணாடி இவற்றுக்காகப் பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள் என்று தெரியும். நான் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளன்றே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், பங்களாவுக்குள் நுழையாமல் நேராகப் பின்னால் இருந்த பட்டறைக் கொட்டகைக்குப் போனேன்.

பெட்டி தேக்கில் செய்தது. மூடியைத் திறந்தால் மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் ஸ்டான்லி ஐந்தாம் எண், ஒரு டிஸ்டன் ரம்பம், பர்மிங்காம் ரபோன் முத்திரையிட்ட இரண்டடி மடக்கு அளவுகோல். இவற்றைப் பார்த்தவுடன் எப்படிச் சோதிப்பது என்று கை தானாகப் பழகியிருக்கிறது. இழைப்புளியின் வாய் ஓரத்தில் மயிரிழைக் கீறல் ஓடியிருக்கிறதா, அலகில் இன்னும் எவ்வளவு நீளம் மிச்சம், அலகின் பின்முகத்தில் வெட்டுமுனைக்கு அருகே துரு குழி பறித்திருக்கிறதா, பிடி உடைந்து ஒட்டியதா, ஒரு பாகம் வேறு காலத்து இழைப்புளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா. துரு மேலோட்டமாக இருந்தால் பயமில்லை. குழி விழுந்த அலகைத் தேய்த்துத் தேய்த்துக் குழி போகும்போது அலகும் போய்விடும். இந்த ஸ்டான்லி நல்ல நிலையில்தான் இருந்தது. அலகு மட்டும் பொருந்தவில்லை, பின்னால் வந்த ஏதோ ஒரு மாற்று அலகு.

அடுத்த இரண்டு அடுக்குகளில்தான் எனக்கு நேரம் போனது. உளிகள் ஒரு டஜனுக்கு மேல். அவற்றில் ஒன்றில் மட்டும் கேஸ்ட் ஸ்டீல் என்ற சொல் பாதியாகத் தெரிந்தது, செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. மற்றவை எல்லாம் ஊர்ப் பட்டறை வேலை. ஓர் உளியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வெட்டுச் சரிவில் இரண்டு நிறம் தெரிந்தது. மேலே மங்கலான சாம்பல், நுனியில் பளிச்சென்ற வெளிர் பட்டை. மென்மையான இரும்பில் உருக்கு வைத்து அடித்திருக்கிறார்கள், வெட்டுகிற இடத்துக்கு மட்டும். உருக்கு விலையுயர்ந்ததாக இருந்த காலத்துச் சிக்கனம் அது. ஷெஃபீல்டிலும் அப்படித்தான் செய்தார்கள், சேலத்திலும் அப்படித்தான் செய்தார்கள். இன்னோர் உளியின் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் சன்னமான குறுக்குக் கோடுகள் தட்டுப்பட்டன. அரத்தின் பற்கள். தேய்ந்த அரத்தை வீசாமல் அடித்து உளியாக்கியிருக்கிறார் யாரோ. அரம் முழுக்கவும் உயர்ந்த கரிமம் உள்ள உருக்கு, நன்றாகக் காய்ச்சிப் பதம் வைத்தால் முனை நிற்கும். இப்போது கொல்லர்கள் லாரியின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துக்கொள்கிறார்கள், சங்ககிரி, நாமக்கல் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. அரத்திலிருந்து உளி அடித்தவர் அந்தப் பட்டைக்கு முந்தைய காலத்தவராக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அங்கே காவலுக்கு நின்றிருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இளம் வயதில் அந்தப் பட்டறையில் எடுபிடியாக இருந்தவராம். பெரிய மர இழைப்புளி ஒன்றின் முன்பக்கத்தில் குறுக்காக ஒரு துளை இருந்தது, எனக்குப் பாதிதான் புரிந்தது. "அதுல கட்டை சொருவி நான் இழுப்பேன் தம்பி, பெரிய ஆசாரி பின்னால இருந்து தள்ளுவாரு. பலா மரம்னா ரெண்டு ஆள் இல்லாம ஆவாது" என்றார். ஓர் உளியின் பிடியைக் காட்டி, அது காபிச் செடியின் அடிமரம் என்றார். கெட்டியான மரம், எஸ்டேட்டில் பட்டுப்போன செடிகளைப் பிடுங்கும்போது ஆசாரி தேர்ந்தெடுத்து எடுத்து வைத்துக்கொள்வாராம். கடைசி அடுக்கில் ஒரு முழக்கோல் கிடந்தது. ஓர் ஓரத்தில் அடி, அங்குலக் கீற்றுகள். மறு ஓரத்தில் 24 விரல் கணக்கு. துரைக்கு ஜன்னல் செய்யும்போது ஒரு பக்கமும், லைன் வீட்டுக்காரர்களுக்கு நிலை வைக்கும்போது மறுபக்கமும் பார்ப்பார் என்று பெரியவர் சொன்னார். அந்த ஆசாரி மலைக்குக் கீழே கன்னங்குறிச்சியிலிருந்து வந்தவர் என்றும், பெட்டியும் மர இழைப்புளிகளும் அவருடைய அப்பா காலத்தவை என்றும் சொன்னார். நான் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். மூன்று அடுக்குகளையும் எதுவும் கலையாமல் அப்படியே படம் எடுத்தேன்.

பிரித்தால் கூடுதல்

ஏல நாள் காலையில் பெட்டி மூன்றாகப் பிரிந்திருந்தது. இல்லை, ஐந்தாக. ஸ்டான்லிக்கு ஒரு லாட் எண், டிஸ்டனுக்கு ஒன்று, ரபோன் அளவுகோலுக்கு ஒன்று. தேக்குப் பெட்டி காலியாக்கப்பட்டுப் பங்களா வராந்தாவில் மேசை நாற்காலிகளோடு நின்றது. மீதிக் கருவிகள் உடைந்த பல்ப்பர் சக்கரங்கள், ஜன்னல் கம்பிகள், கீல்களோடு ஒரே குவியலாகக் கொட்டப்பட்டு, "இரும்பு, எடைக்கு" என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஏலக்காரரிடம் போய், பெட்டியை முழுசாக ஒரே லாட்டாக விடச் சொல்லிக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "சார், சேத்து விட்டா மூணு நல்ல பொருளுக்காக ஒருத்தர் கேப்பார், மீதிக்கு அவர் காசு குடுக்க மாட்டார். பிரிச்சா மூணு பேர் கேப்பாங்க. விக்கிறவருக்கு நான் கணக்கு சொல்லணுமே." அவர் கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. விற்பவருக்கு அதிக விலை வாங்கித் தருவதுதான் அவர் தொழில். ஆனால் பிரிப்பதால் ஒன்று அழிகிறது, அதற்கு விலைப் பட்டியலில் கட்டம் கிடையாது என்பதுதான் என் தரப்பு. ஒரு தச்சரின் பெட்டி என்பது ஒரே கை நாற்பது வருடமாகச் சேர்த்தது. அமெரிக்க இழைப்புளியை எதற்கு வைத்துக்கொண்டார், எதற்கு அப்பாவின் மர இழைப்புளிக்கே திரும்பப் போனார், எந்த உளியை ஊர்க் கொல்லரிடம் அடித்தார் என்பதெல்லாம் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. ஸ்டான்லி பெட்டியை விட்டுப் போனாலும் ஸ்டான்லிதான். அதனோடு கிடந்த பெயரில்லாத இழைப்புளி பெட்டியை விட்டால் வெறும் கட்டை.

ஸ்டான்லி ஏலம் சுறுசுறுப்பாக நடந்தது. நானும் கொஞ்ச தூரம் கேட்டேன். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரும் நானும் மட்டும் மிஞ்சியபோது நிறுத்திக்கொண்டேன். எனக்கு அது பிடிக்காமல் இல்லை. அதை யார் வாங்கினாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் அந்த இடத்தில் திடமாக வந்தது, கையில் இருந்த பணம் எங்கே போக வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

இரும்புக் குவியலுக்குப் போட்டியாளர் சேலத்துப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர். அவரைத் தவிர யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஏலக்காரர் நிபந்தனையை வாசித்தார்: கிலோக் கணக்கு, மரம் கழித்து இரும்பு மட்டும் எடை. அதன் பொருள் எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. தராசுக்குப் பக்கத்தில் ஒரு பையன் சம்மட்டியோடு நின்றிருந்தான். கழிவு பார்ப்பது என்றால் எடை போடுவதற்கு முன்னால் உளிகளின் பிடிகளைத் தட்டிக் கழற்றி வீசுவது, மர இழைப்புளிகளின் அலகை மட்டும் உருவிக்கொண்டு கட்டையை விறகுப் பக்கம் தள்ளுவது. இரும்பு வியாபாரத்தில் அது நியாயமான நடைமுறை. உலைக்குப் போகிற சரக்கில் மரத்துக்கு யார் காசு தருவார்கள்? காபி மரப் பிடியும், குறுக்குத் துளை போட்ட பெரிய இழைப்புளியும், முழக்கோலும் அந்தப் பையனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

ஏலம் தொடங்கும் முன்பே கையைத் தூக்கினேன். மரத்துக்குக் கழிவு வேண்டாம், மரத்தோடு சேர்த்தே இரும்பு விலைக்கு எடை போடுங்கள், அந்த நிபந்தனையில் கேட்கிறேன் என்றேன். ஏலக்காரர் விற்பவரின் ஆளைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். விற்பவருக்கு இதில் லாபம்தான். இரும்பு வியாபாரி மட்டும் என் பக்கம் திரும்பி, "சார், கட்டைக்கு எதுக்கு சார் காசு குடுக்கறீங்க, உங்களுக்கு வேணுங்கற உளியை நான் எடுத்துத் தர்றேன்" என்றார். உண்மையான நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பெயர்தான் விலை என்று நம்புகிறவர்களுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இவர் இன்னும் நேர்மையானவர் என்றுகூடத் தோன்றியது. எடையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதாக இவர் காட்டிக்கொள்ளவில்லை.

கிலோ 25 ரூபாயில் தொடங்கினார்கள். 30, 33, 36 என்று போனது. நான் கேட்கக் கேட்க அவரும் கேட்டார். நடுவில் ஒரு முறை, தனக்குத் தெரியாத எதுவோ குவியலுக்குள் இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்து, எழுந்துபோய்க் குனிந்து புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவில் சொல்கிறது, சுத்தியல் விழும்வரை கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்று. ஏலத்தில் பழகியவர்களுக்கு இது மனப்பாடம். அவர் பெறவில்லை, 41 என்றார். அதற்கு மேல் அவருடைய கணக்கு இடம் கொடுக்காது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. லாரி வாடகை, ஆள் கூலி, உலைக்காரர் தரும் விலை எல்லாம் கழித்தால் அங்கே நின்றாக வேண்டும். அவருடைய எல்லை உலையில் எழுதப்பட்டிருந்தது. என் எல்லைக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. 42 என்றேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

அந்த ஒரு ரூபாயைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பெயருள்ள கருவிக்கு எதிரி இன்னொரு சேகரிப்பாளர். அவர் ஜெயித்தாலும் கருவி இருக்கும். பெயரில்லாத கருவிக்கு எதிரி அன்றைய இரும்பு விலை. அது ஜெயித்தால் கருவி இருக்காது. இரும்பு விலை ஏறுகிற வருடங்களில் கொட்டகைகள் வேகமாகக் காலியாவதை நான் பார்த்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பட்ஜெட்டில் பாதியையாவது இந்தத் தராசுப் பக்கத்துக் குவியலுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு ஸ்டான்லியின் விலைக்கு ஒரு தச்சரின் வாழ்நாள் பெட்டி கிடைக்கும்.

பெயர் இல்லாத பெயர்

அந்தப் பாதி முத்திரை உளிக்கு வருகிறேன். கேஸ்ட் ஸ்டீல் என்று பொறிப்பது ஷெஃபீல்டுக்காரர்களின் பெருமை. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் அங்கே மூசை என்ற மண் குடுவையில் உருக்கு உருக்கத் தொடங்கியதிலிருந்து வந்த பெருமை அது. சேலம் பக்கத்துக் கொல்லர்கள் மூடிய மண் மூசையில் உருக்கு எடுத்தது அதற்கெல்லாம் வெகு காலம் முந்தையது. கஞ்சமலையின் காந்தக்கல்லை உருக்கியவர்கள் அவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அந்தக் கனிமத்தை நம்பித்தான் 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை போட்டார். ஆலை நஷ்டத்தில் முடிந்தது. இங்கிலாந்து திரும்பியவர், உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மூசை உருக்கு மேம்படுவதைக் கண்டு 1839இல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு உருக்கு மலிவாவதற்கு அது பெரிய காரணம். அவருக்கு அதிலிருந்து பணம் கிடைத்ததா என்றால், இல்லை. அவர் மாங்கனீசுக் கரிமச் சேர்மத்துக்குக் காப்புரிமை வைத்திருந்தார். ஷெஃபீல்டுக்காரர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொடியையும் தனித்தனியாக மூசையில் போட்டார்கள். உள்ளே போய்ச் சேர்ந்தால் இரண்டும் ஒன்றுதான். வழக்காடியே அவர் வாழ்க்கை தீர்ந்தது. ஹீத்தின் பெயர் எந்த உளியிலும் இல்லை. கஞ்சமலைக் கொல்லர்களின் பெயரும் இல்லை. முத்திரையில் தேய்ந்துபோன அந்த ஷெஃபீல்டுப் பெயர் யாருடையதாக இருந்தாலும், உளியின் முழுக் கதைக்கு அது போதாது.

ஏற்காட்டிலேயே இதற்கு வழி காட்டியவர் ஒருவர் இருக்கிறார். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார், 1912இல் இறந்தார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர் சேர்த்தவற்றில் ஏராளமானவை கைக்கருவிகள். ஒன்றில்கூடச் செய்தவர் பெயர் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த ஓடைக்கரை என்று குறித்து வைத்தார். சென்னை அருங்காட்சியகத்துக்குப் போன அந்தச் சேகரிப்பின் பட்டியல் அவர் இறந்த பிறகு 1914இல் வந்தது, விளக்கக் குறிப்புகள் 1916இல் வந்தன. அதில் கல் ஒவ்வொன்றும் ஊர்ப் பெயரோடுதான் நிற்கிறது. செய்தவர் பெயர் இல்லாத கருவிக்குக் கிடைத்த இடமே முகவரி. அந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாவிட்டால் எழும்பூர்க் கண்ணாடிப் பேழைகளில் இருப்பவை கூரான கற்கள், அவ்வளவுதான்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களில் மெருகேற்றிய கற்கோடாரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. மண்ணில் கிடைத்த வழவழப்பான கல்லை யாரோ செய்தது என்று உணர்ந்து பத்திரமாக ஓரிடத்தில் வைத்த மக்கள் அவர்கள். அந்த மலையில்தான் முழக்கோலை விறகில் தள்ளப் பார்த்தோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்த குவியலைப் பார்வை நாளில் எடுத்த படங்களை வைத்து மறுபடியும் அடுக்குவாரியாகப் பிரித்தேன். ஒவ்வொரு கருவியிலும் ஒரு சீட்டுக் கட்டி, எந்த எஸ்டேட், எந்த அடுக்கு, பெரியவர் என்ன சொன்னார் என்று எழுதினேன். சுத்தம் செய்வதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கம்பிச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவதை நான் ஏற்க மாட்டேன். பிடியில் ஏறிய கருமை ஒரு கை வேலை செய்த கருமை, அதை உரித்தால் திரும்ப வராது. உதிரும் துருவை எண்ணெய் தொட்டு மெதுவாக எடுக்க வேண்டும், வெட்டுமுனையைச் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். தீட்டுவதும் கருவியைக் கெடுப்பதுதான் என்று வாதிடும் நண்பர்கள் இருக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தீட்டித் தீட்டித்தான் அந்த உளி அந்த நீளத்துக்கு வந்திருக்கிறது. அரத்தில் அடித்த உளியைத் தீட்டி சில்வர் ஓக் துண்டில் வைத்துப் பார்த்தேன். குறுக்கு நாரைக்கூடச் சுத்தமாக வெட்டியது. உருக்குக்குப் பதம் வைத்த கொல்லரின் கை எப்படிப்பட்டது என்று அந்த வெட்டிலிருந்து தெரிந்தது. வேறு எந்த வழியிலும் அது தெரிந்திருக்காது.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டான்லியை வாங்கிய கோயம்புத்தூர் வியாபாரி கூப்பிட்டார். "சார், உங்க இரும்பு லாட்ல ரெண்டு இஞ்ச் பிளேடு ஏதும் இருந்துச்சா? அதோட ஒரிஜினல் பிளேடு அந்தப் பெட்டியிலதான் இருந்திருக்கணும்." இருந்தது. காகிதத்தில் சுற்றி, மூன்றாவது அடுக்கின் அடியில். பாதிக்கு மேல் தேய்ந்ததால் ஆசாரி மாற்றிவிட்டு, வீச மனமில்லாமல் வைத்திருக்கிறார். வியாபாரி நல்ல விலை தருவதாகச் சொன்னார். பணம் வேண்டாம் என்றேன். பதிலுக்கு இழைப்புளியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், விற்கும்போது எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும், வாங்குபவரிடம் பெட்டியின் படத்தையும் என் பட்டியலையும் கொடுக்க வேண்டும். அவர் சற்று யோசித்தார். "அது இருந்தா எனக்கும் விலை கூடத்தான் சொல்ல முடியும்" என்றார். சொல்லட்டும். அலகைப் பேருந்து பார்சலில் அனுப்பிவிட்டேன், படங்கள் வந்துவிட்டன, என் பட்டியலில் மேல் அடுக்கின் முதல் வரி நிரம்பிவிட்டது.

ரம்பத்தை வாங்கியவர் ஏலச் சீட்டில் கைப்பேசி எண் கொடுத்திருக்கிறார். ரபோன் அளவுகோல் பெங்களூருக்குப் போன மேசை நாற்காலிகளோடு போயிருக்கிறது. தேக்குப் பெட்டியும் அதே லாரியில்தான் போனதாம். இரண்டு பேரிடமும் பேச வேண்டும் என்று ஏலக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டியை வாங்கியவர் அதை விற்பதாக இருந்தால், விலையைக் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.